யஹ்யா: முன்னர் எவருக்கும் சூட்டப்படாத பெயர்

அரபிக் கல்லூரி ஆசிரியர்களை நாடி வருவோரில் மார்க்கச் சட்டம் கேட்டு வருவோரினும் பெயர் கேட்டு வருவோரே மிகுதி. சில மாதங்களுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் அவ்வாறு வந்தார். ஆண் மகவு பிறந்து ஐந்து நாட்கள் ஆகியிருந்தன. ஏழாம் நாள் அகீகா. கையில் பெயர்க் கையேடு ஒன்றை வைத்திருந்தார். அதில் ‘அயான்’ என்ற பெயரின் கீழ்க் கோடிட்டிருந்தார். ‘இறைவனின் கொடை’ என்று அதற்குப் பொருளும் அச்சாகியிருந்தது.

“ஹஜ்ரத், எங்கள் ஊரில் எவனுக்கும் இல்லாத பெயராக இருக்க வேண்டும், அதுதான் என் விருப்பம்” என்றார்.

“வீட்டில் பெரியவர்கள் என்ன சொல்கிறார்கள்?” என்று கேட்டேன்.

“வாப்பா தம் வாப்பாவின் பெயரையே வைக்கச் சொல்கிறார்கள். எஹியா என்று. அது பழங்காலத்துப் பெயர், ஹஜ்ரத். இந்தக் காலத்துப் பிள்ளைக்கு எப்படிப் பொருந்தும்?”

எனக்குச் சிரிப்பும் வருத்தமும் ஒருங்கே வந்தன. எவருக்கும் இல்லாத பெயரைத் தேடுகிறவர், அத்தகைய பெயர் என்று திருக்குர்ஆனே சான்று பகரும் ஒரு பெயரைப் பழையது என ஒதுக்குகிறார். அவரிடம் அன்று சுருக்கமாகச் சொன்னதை ஈண்டுச் சற்று விரித்து எழுத முற்படுகிறேன். யஹ்யா என்னும் பெயர் எங்கிருந்து வந்தது, அதன் அருமை எதில் உள்ளது, அரிய பெயர் பெருவழக்கானபின் அது எதையேனும் இழந்ததா என்பனவே இங்கு நம் வினாக்கள்.

வசனமும் ‘ஸமிய்யு’ என்ற சொல்லும்

யஹ்யா என்ற பெயர் திருக்குர்ஆனில் ஐந்து இடங்களில் வருகிறது. ஆலு இம்ரான், அன்ஆம், அன்பியா ஆகிய அத்தியாயங்களில் ஒவ்வோரிடம். மர்யம் அத்தியாயத்தில் ஈரிடம். நம் வினாவுக்கு அடிப்படை மர்யம் அத்தியாயத்தின் ஏழாம் வசனமாகும். எலும்பு தளர்ந்து, தலை நரைத்து, மனைவியும் மலடியாயிருந்த நிலையில் ஸகரிய்யா (அலை) தனிமையில் தாழ்ந்த குரலில் இறைஞ்சுகிறார். அதற்கு விடையாக ஒரு மகனைப் பற்றிய நற்செய்தி வருகிறது. நற்செய்தியுடன் பெயரும் வருகிறது. அவருக்கு முன் எவரையும் அவருக்கு ‘ஸமிய்யு’ ஆக்கவில்லை என்பது அதன் கருத்து.

இந்த ‘ஸமிய்யு’ என்ற சொல்லில்தான் முஃபஸ்ஸிர்கள் கருத்து வேறுபட்டனர். ‘ஒத்த பெயருடையவர்’ என்று பொருள் கொண்டவர்களுள் கதாதா (ரஹ்) முதன்மையானவர். அவர் கூற்றுப்படி, இவருக்கு முன் யஹ்யா என எவரும் பெயர் சூட்டப்படவில்லை. ‘நிகரானவர்’ என்று பொருள் கொண்டவர் முஜாஹித் (ரஹ்). மலடியான தாய்க்கு இவர் போன்ற மகன் முன்பு பிறந்ததில்லை என்ற விளக்கம் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடமிருந்து அறிவிக்கப்படுகிறது. இவற்றைத் தொகுத்துத் தரும் இமாம் தபரீ (ஹிஜ்ரி 310-இல் மறைந்தவர்) முதற்பொருளையே வசனத்திற்கு நெருக்கமானதாகக் கொள்கிறார்.

ஆயினும் முஜாஹித் அவர்களின் கருத்தைத் தள்ளிவிட இயலாது. ஏனெனில் இதே அத்தியாயத்தின் 65-ஆம் வசனத்தில் இதே சொல் அல்லாஹ்வைக் குறித்து வருகிறது. அவனுக்கு ஒரு ‘ஸமிய்யு’ இருப்பதாக நீர் அறிவீரா என்ற பொருளில் ஆங்கே வினா எழுப்பப்படுகிறது. அந்த இடத்தில் பெயரொப்பு மட்டுமன்றித் தன்மையொப்பும் மறுக்கப்படுகிறது என்பது வெளிப்படை. எனவே இச்சொல்லை வெறும் பெயர்ப்பட்டியல் சொல்லாகச் சுருக்குவது பொருந்தாது. பெயரும் பெயருக்குரியவரும் சேர்ந்தே ஒப்பற்றவராக நிற்கும் நிலையை அது சுட்டுகிறது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். கிறிஸ்தவர்கள் யோவான் என்றும் யூதர்கள் யோஹானான் என்றும் வழங்கும் பெயர் இவருக்கு முன்பே இருந்ததன்றோ? கரேயாவின் மகன் யோஹானான் எரேமியா காலத்தவர். கி.மு. 134 முதல் 104 வரை யூதேயாவை ஆண்ட ஹிர்கானுஸ் என்பவரின் இயற்பெயரும் யோஹானானே. அவ்வாறாயின் முன்பு எவருக்கும் இல்லாத பெயர் என்பது எங்ஙனம் பொருந்தும்?

இந்த ஆட்சேபம் இரு பெயரும் ஒன்றே என்ற அனுமானத்தின் மீது நிற்கிறது. யோஹானான் என்பது எபிரேயத்தில் ‘ஹ-ன-ன’ என்னும் வேரிலிருந்து வருவது. ‘இறைவன் அருளினான்’ என்பது அதன் பொருள். யஹ்யா என்பதோ ‘ஹ-ய-ய’ என்னும் வேரின் வடிவம். ‘வாழ்கிறான், வாழ்வான்’ என்பது அதன் பொருள். குறிக்கப்படுபவர் ஒருவரே, பெயர்கள் இரண்டு. யோஹானான் என்ற பெயர் முன்பு இருந்ததைக் காட்டுவதால் யஹ்யா என்ற பெயர் முன்பு இருந்தது எனக் காட்டியதாகாது.

வாழ்வும் அருளும்

யஹ்யா அரபுச் சொல்லா, பிறமொழிச் சொல்லா என்பதில் நம் இலக்கண ஆசிரியர்களிடமும் இரு கருத்துகள் உண்டு. பிறமொழிச் சொல் என்றால் அது தன்வீன் ஏற்காமைக்கு அதுவே காரணம். அரபுச் சொல் என்றால் வினை வடிவில் அமைந்த இயற்பெயர் என்பது காரணம். வினையையே பெயராக்குவது அரபியருக்குப் புதிதன்று. யஸீத் என்றால் ‘பெருகுகிறான்’. யஈஷ் என்றால் ‘வாழ்கிறான்’. யஃமர் என்றால் ‘நெடிது வாழ்கிறான்’. பிறந்த குழந்தை நிலைக்க வேண்டும் என்ற பெற்றோரின் வேட்கை அப்பெயர்களில் உறைந்து கிடக்கிறது. நம் தமிழ்ச் சிற்றூர்களில் ‘வாழவந்தான்’ என்ற பெயர் எந்த ஏக்கத்தில் பிறந்ததோ, அதே ஏக்கத்தின் அரபு வடிவம் இது.

இமாம் குர்துபீ (ஹிஜ்ரி 671-இல் மறைந்தவர்) முதலியோர் இப்பெயருக்கான காரணங்களாகப் பலவற்றை எடுத்துரைக்கின்றனர். தாயின் மலட்டுத்தன்மைக்கு இவரால் உயிர் கிடைத்தது. இவர் உள்ளத்தை அல்லாஹ் ஈமானால் உயிர்ப்பித்தான் என்பன அவற்றுள் சில. கொல்லப்பட்டு ஷஹீதானவர் என்பதால், உயிருடன் இருப்பவர் என்ற பொருளும் இவருக்குப் பொருந்தும்.

ஆனால் இப்பெயருக்கான முதல் விளக்கவுரை அந்த அத்தியாயத்திலேயே இருக்கிறது என்பது என் துணிபு. 7-ஆம் வசனத்தில் பெயர் வருகிறது. 12-ஆம் வசனத்தில் அப்பெயரால் விளித்து வேதத்தை உறுதியாகப் பற்றுமாறு கட்டளை வருகிறது. 15-ஆம் வசனத்தில் அவர் பிறந்த நாள், இறக்கும் நாள், மீண்டும் எழுப்பப்படும் நாள் ஆகிய மூன்றின் மீதும் ஸலாம் கூறப்படுகிறது. அவ்வசனத்தின் இறுதிச் சொல் ‘ஹய்யா’: உயிருள்ளவராக. யஹ்யா என்று தொடங்கிய செய்தி ‘ஹய்யா’ என்று முடிகிறது. இரண்டும் ஒரே வேரின் கிளைகள். இடையில் இறப்பு கூறப்படுவதைக் கவனிக்க. வாழ்வான் என்று பெயரிடப்பட்டவர் இறக்கமாட்டார் என்று வசனம் சொல்லவில்லை. இறப்புக்குப் பின்னரும் அப்பெயர் மெய்யாகும் என்று சொல்கிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. 13-ஆம் வசனத்தில், நம்மிடமிருந்து ‘ஹனான்’ அவருக்கு வழங்கப்பட்டது என்ற கருத்து வருகிறது. ‘ஹனான்’ என்னும் இச்சொல் திருக்குர்ஆன் முழுவதிலும் இவ்வோரிடத்தில் மட்டுமே வருகிறது. பரிவு, கருணை என்று முஃபஸ்ஸிர்கள் பொருள் உரைத்தனர். அரபு மொழியின் ஆழம் கண்ட இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களே இச்சொல்லின் பொருளைத் தாம் அறியவில்லை எனக் கூறியதாக ஓர் அறிவிப்பைத் தபரீ பதிவு செய்கிறார். யோஹானான் என்ற எபிரேயப் பெயரின் வேரும் இதே ‘ஹ-ன-ன’ என்பதை நாம் கண்டோம். தமிழகக் கத்தோலிக்கர்கள் அப்பெயரைப் பொருள் நோக்கி ‘அருளப்பர்’ என்று தமிழாக்கி வழங்கியதும் இவ்வேரின் பொருள் பற்றியே.

ஆக, குர்ஆன் அவருக்கு ‘வாழ்வு’ என்னும் பொருளுடைய பெயரைத் தருகிறது. அவர் சமூகத்தார் வழங்கிய பெயரிலிருந்த ‘அருள்’ என்னும் பொருளையும் கைவிடாமல் அவர் பண்பாக உரைக்கிறது. இவ்வியைபைத் தற்கால ஆய்வாளர் சிலரும் சுட்டியுள்ளனர். முற்கால முஃபஸ்ஸிர்கள் மீது இதை ஏற்றிச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆயினும் நூல் முழுவதிலும் ஒரே ஒருமுறை வரும் சொல், அது மிகவும் பொருந்தக்கூடிய ஒரே மனிதரைப் பற்றிய வசனத்தில் வருவதைத் தற்செயல் என்று கடந்து செல்ல மனம் ஒப்பவில்லை.

புள்ளியில்லா எழுத்தும் ஒரு கருதுகோளும்

கீழைத்தேய ஆய்வாளர் சிலர் வேறொரு கருதுகோளை முன்வைத்தனர். தொடக்ககால அரபு எழுத்தில் புள்ளிகள் பெரும்பாலும் இடப்படவில்லை. ஆகவே ‘யா’ என்ற எழுத்தும் ‘நூன்’ என்ற எழுத்தும் சொல்லின் நடுவில் ஒரே பல்வடிவமாகத் தோன்றும். இதனால் யூஹன்னா என்று படிக்க வேண்டியதைப் பிற்காலத்தார் யஹ்யா என்று தவறாகப் படித்தனர் என்பது அவர்கள் வாதம். நம் இளைஞர்கள் இக்கருத்தை ஆங்கில நூல்களில் கண்டு திகைப்பதுண்டு. சினம் கொள்வதால் இதற்கு விடை கிட்டாது, சான்றுகளால் கிட்டும்.

முதலாவதாக, அரபுக் கிறிஸ்தவர்கள் எழுதும் யூஹன்னா என்ற வடிவில் ‘யா’வை அடுத்து ‘வாவ்’ உண்டு. ஈற்றில் ‘அலிஃப்’ உண்டு. முஸ்ஹஃபில் உள்ள எழுத்துருவில் இவ்விரண்டும் இல்லை. புள்ளியை மட்டும் மாற்றினால் யூஹன்னா கிடைத்துவிடாது.

இரண்டாவதாக, குர்ஆன் ஏட்டிலிருந்து மட்டும் வந்ததன்று. நாவிலிருந்து செவிக்கு வந்தது. பதின்மர் கிராஅத்துகளிலும் இப்பெயர் யஹ்யா என்றே ஓதப்படுகிறது. ஹம்ஸா, கிஸாயீ ஆகியோர் ஈற்று உயிரை ‘இமாலா’ செய்து, ‘ஏ’கார ஓசை தோன்ற ஓதுவர். ஓர் உயிரோசையின் சாய்வைக்கூடத் தலைமுறை தலைமுறையாகக் காத்த மரபு, ஒரு நபியின் பெயரையே மறந்துபோயிற்று என்பது ஏற்புடையதன்று.

மூன்றாவது சான்று கல்லில் உள்ளது. வடமேற்கு அரேபியாவின் அல்-உலா பகுதியில் ஜோஸன், சாவின்யாக் என்னும் இரு பிரெஞ்சு அறிஞர்கள் பதிவு செய்த நபத்தீயக் கல்வெட்டு ஒன்றில் ஷம்ஊன் என்பவரின் மகனுக்கு யஹ்யா என்னும் பெயர் காணப்படுகிறது. அதன் காலம் கி.பி. 306-307. அதாவது குர்ஆன் அருளப்படுவதற்கு மூன்று நூற்றாண்டுகள் முன்பே இப்பெயர் அரேபிய மண்ணில் வழங்கியது. தவறாகப் படித்ததால் பிறந்த பெயர், படிக்கப்பட வேண்டிய ஏட்டுக்கு முன்பே கல்லில் எப்படி ஏறும்? ஆர்தர் ஜெஃப்ரி குர்ஆனின் பிறமொழிச் சொற்கள் பற்றி எழுதி, 1938-இல் நம் நாட்டின் பரோடாவில் வெளியான நூலிலேயே இக்கல்வெட்டுச் சான்று எடுத்துக்காட்டப்பட்டுள்ளது. அவர் நம் நம்பிக்கைகளுக்குச் சார்பானவர் அல்லர் என்பதால் அதன் எடை கூடுகிறது.

இக்கல்வெட்டு வசனத்திற்கு முரணாகாதா எனச் சிலர் ஐயுறலாம். ஆகாது. அவருக்கு ‘முன்’ எவருமில்லை என்றே வசனம் கூறுகிறது. அல்-உலாவின் யஹ்யா, நபி யஹ்யாவுக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் பிந்தியவர்.

அரிய பெயர் பெருவழக்கானது

நபி (ஸல்) அவர்களிடம் மதீனாவில் கல்லாத் இப்னு ராஃபிஉ என்பவரின் குடும்பத்து ஆண் குழந்தை கொண்டுவரப்பட்டது என்றும், ஸகரிய்யாவின் மகன் யஹ்யாவுக்குப் பின் எவருக்கும் இடப்படாத பெயரை இவருக்கு இடுகிறேன் என்ற கருத்துப்பட மொழிந்து யஹ்யா எனப் பெயரிட்டார்கள் என்றும் ஸஹாபாக்களின் வரலாற்று நூல்களில் ஓர் அறிவிப்பு உண்டு. முன் சொன்ன கல்வெட்டுடன் சேர்த்து நோக்கின், மதீனாவாசிகள் அறிந்த வழக்கு என்ற எல்லைக்குள் இதனைப் புரிந்துகொள்வது பொருந்தும்.

இதன்பின் இரு நூற்றாண்டுகளுக்குள் நேர்ந்த மாற்றம் வியப்புக்குரியது. தாபியீன்களுள் பஸ்ராவின் யஹ்யா இப்னு யஃமர் இருக்கிறார். ஸஹீஹ் முஸ்லிமின் ஈமான் பாடம் இவர் அறிவிக்கும் ஹதீஸுடன்தான் தொடங்குகிறது. முஸ்ஹஃபுக்கு முதன்முதலில் புள்ளி இட்டவர் இவரே என்பது ஒரு மரபு. புள்ளியில்லாமையால் தோன்றியதாகக் கூறப்பட்ட பெயர், புள்ளியிட்டவரின் பெயராகவே இருப்பதைக் காண்க. அவர் பெயரும் ‘வாழ்கிறான்’. தந்தை பெயரும் ‘நெடிது வாழ்கிறான்’.

ஹதீஸ் கலையில் இப்பெயரின்றி ஒரு பக்கமும் நகராது. யஹ்யா இப்னு ஸயீத் அல்-அன்ஸாரீ (ஹிஜ்ரி 143), யஹ்யா இப்னு ஸயீத் அல்-கத்தான் (198), யஹ்யா இப்னு மஈன் (233) என மூன்று தலைமுறையின் தூண்கள் இப்பெயரினர். முவத்தாவை இமாம் மாலிக்கிடமிருந்து அறிவித்த அந்தலூஸியர் யஹ்யா இப்னு யஹ்யா. இமாம் முஸ்லிமின் ஆசிரியரான நைஸாபூர்க்காரரும் யஹ்யா இப்னு யஹ்யாவே. மாணவர்கள் இவ்விருவரையும் மயங்கிக் கொள்வது ஆண்டுதோறும் என் வகுப்பில் நிகழ்வது. இலக்கணத்தில் ஃபர்ராவின் (207) பெயர் யஹ்யா. யமனில் ஹிஜ்ரி 284-இல் ஸைதிய்யா இமாமத்தை நிறுவிய அல்-ஹாதீயின் பெயரும், 1948-இல் கொல்லப்பட்ட இமாமின் பெயரும் யஹ்யாவே.

நம் மாணவர்கள் நாள்தோறும் கையிலேந்தும் ரியாளுஸ் ஸாலிஹீனின் ஆசிரியரை நாம் நவவீ என்றே அறிவோம். அது நவா என்ற ஊரால் வந்த பெயர். அவரது இயற்பெயர் யஹ்யா இப்னு ஷரஃப், குன்யத் அபூஸகரிய்யா. அவர் மணம் புரியவில்லை; ஸகரிய்யா என்ற மகனும் இல்லை. யஹ்யா என்ற பெயரினரை அபூஸகரிய்யா என அழைப்பது அறிஞரிடையே நிலைத்துவிட்ட வழக்கு. ஃபர்ராவும் இப்னு மஈனும்கூட அபூஸகரிய்யாக்களே. தந்தையின் பெயர் மகனின் பெயராகத் திரும்பி வருகிறது. அதனால் யஹ்யாவைச் சொல்லும்போதெல்லாம் அவருக்காக இறைஞ்சிய முதியவரும் நினைக்கப்படுகிறார்.

அருமை எதில் உள்ளது?

இனி என் மாணவரின் வினாவுக்கு வருவோம். எவருக்கும் இல்லாத பெயரைத் தேடுவது தவறா? தவறு என்று சொல்லிவிட முடியாது. இமாம் ஸமக்ஷரீ (ஹிஜ்ரி 538-இல் மறைந்தவர்) கஷ்ஷாஃபில் இவ்வசனத்தை விளக்குகையில், வழக்கில் மலியாத அழகிய பெயர்கள் முன்னுரிமைக்கு உரியவை என்பதற்கு இது சான்று என்கிறார். அத்தகைய பெயர்கள் எளிதில் அடையாளம் காட்டும், பட்டப்பெயர் சூட்டலுக்கு இடந்தரா என்பன அவர் காட்டும் காரணங்கள். அரபியரின் சுவையறிந்த திறனாய்வாளரின் கூற்று இது, மதிக்கத்தக்கது.

ஆயினும் இக்கூற்றை மட்டும் கொண்டு முடிவு செய்தல் போதாது என்பது என் கருத்து. அல்லாஹ்வுக்கு மிக உவப்பான பெயர்கள் அப்துல்லாஹ்வும் அப்துர் ரஹ்மானும் என்பது முஸ்லிமில் பதிவான நபிமொழியின் கருத்து. இவற்றைவிடப் பரவலான பெயர்கள் எவை? அருமையே சிறப்பாயின் இவை முதலிடம் பெற்றிரா. நபி (ஸல்) அவர்கள் மாற்றிய பெயர்களையும் நோக்குக. ‘மாறு செய்பவள்’ என்ற பொருளுடைய ஆஸியா என்ற பெயரை ஜமீலா என மாற்றினார்கள். ‘கரடுமுரடு’ என்ற பொருளுடைய ஹஸ்ன் என்ற பெயருக்குப் பகரமாக ஸஹ்ல் என்பதை முன்மொழிந்தார்கள். எங்கும் பொருளே அளவுகோல். எத்தனை பேருக்கு அப்பெயர் உண்டு என்பதன்று.

இவ்வளவுகோலை இன்று விற்பனையாகும் பெயர்க் கையேடுகள் சில கைவிட்டுவிட்டன. என் மாணவர் கோடிட்ட ‘அயான்’ என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். ‘ஐன்’ எழுத்தில் தொடங்கினால் ‘இயான்’ என்பது கண்ணால் நேரில் காணுதல். ‘ஹம்ஸா’வில் தொடங்கி ‘அய்யான’ என்றால் குர்ஆனில் அது ‘எப்பொழுது’ என்னும் வினாச்சொல். மறுமை எப்பொழுது என்று மறுப்பாளர்கள் கேட்குமிடத்திலும் வருவது. ‘இறைவனின் கொடை’ என்ற பொருளுக்கு அரபு அகராதியில் இடமில்லை. இதைச் சொன்னபோது மாணவரின் முகம் வாடியது. ஏழாண்டுகள் அரபு படித்தவர் அவர். அகராதியைப் புரட்ட அறிந்தவரே கையேட்டின் வண்ண அட்டையை நம்பினார் எனில், அறியாத பெற்றோரை எங்ஙனம் குறை சொல்வது? இத்தகைய நூல்களை அச்சுக்கு முன் ஓர் ஆலிம் வரிக்கு வரி சரிபார்க்க வேண்டும். நம்மில் பலர் அதைச் சிறு பணி என்று விலக்கிவிட்டோம் என்பதும் உண்மை.

லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் ஒரு காட்சி வருகிறது. எட்டாம் நாளன்று சுற்றத்தார் குழந்தைக்குத் தந்தையின் பெயரையே இட முனைகின்றனர். தாய் வேறு பெயர் சொல்கிறார். உன் உறவில் இப்பெயர் எவருக்கும் இல்லையே என்று அவர்கள் வியக்கின்றனர். பேச இயலாத தந்தை பலகையில் எழுதி அப்பெயரை உறுதி செய்கிறார். அங்கே முதியோர் கேட்டது குடும்பப் பெயர். பெற்றோர் வைத்தது புதுப்பெயர். என் மாணவர் வீட்டில் முதியவர் கேட்டதும் குடும்பப் பெயரே. ஆனால் அது அக்குழந்தைக்கு அன்று இடப்பட்ட அதே புதுமைப் பெயர் என்பதை மறந்து பழைமை என்கிறோம்.

இன்னொன்றும் அவரிடம் சொன்னேன். தமிழக முஸ்லிம் ஊர்களில் தெருவுக்குப் பலர் மைதீன் என்றும் முகைதீன் என்றும் இருக்கக் காண்கிறோம். முஹ்யித்தீன் என்பதன் மரூஉ அது. ‘தீனுக்கு உயிரூட்டுபவர்’ என்பது பொருள். அதன் வேரும் ‘ஹ-ய-ய’ தான். நம் தெருவின் மிகப் பொதுவான பெயரும், முன்னர் எவருக்கும் சூட்டப்படாத பெயரும் ஒரே வேரில் கிளைத்தவை. எத்தனை பேர் தாங்கினும் பெயர் தேய்வதில்லை. பொருளறியாமல் தாங்கும்போதுதான் தேய்கிறது.

ஏழாம் நாள் அகீகாவுக்குச் சென்றிருந்தேன். குழந்தைக்கு யஹ்யா என்று பெயரிட்டிருந்தனர். பிறப்புப் பதிவுக்காக அரபு எழுத்தையும் கேட்டார் மாணவர். பெயரானால் ஈற்றில் ‘யா’ வடிவும், ‘வாழ்கிறான்’ என்னும் வினையானால் ‘அலிஃப்’ வடிவும் எழுதிப் பிரித்துக் காட்டுவது பிற்கால எழுத்திலக்கண வழக்கு என்பதை நினைவூட்டி எழுதிக் கொடுத்தேன். அதற்குள் முதியவர் பேரனை மடியில் வாங்கி, “எஹியா, எஹியா” என்று அழைக்கத் தொடங்கியிருந்தார். மாணவர் என்னைப் பார்த்தார். உச்சரிப்பைத் திருத்தச் சொல்கிறார் என்பது புரிந்தது. திருத்தம் இன்னொரு நாளுக்கு இருக்கட்டும் என்று சைகை காட்டி அமர்ந்திருந்தேன்.